ஓடையின் வழியில் மனை போடாதிருக்க: பாலைவனச் சிறுநகரங்களில் வெள்ளமும் நிலப் பகுப்பும்

பாலைவனத்துச் சிறுநகரத்தில் புதிய மனைப்பிரிவுக்கு இடம் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஓடைப் படுகையும் அதை ஒட்டிய சமதரையும்தான். பாறை உடைக்க வேண்டியதில்லை, மணல் அங்கேயே கிடைக்கிறது, கிணற்றுக்கு ஆழம் குறைவு, விலையும் மலிவு. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தண்ணீர் பார்க்காத ஓடையைக் காட்டி "இதில் எங்கே வெள்ளம் வரப்போகிறது?" என்று விற்பவர் கேட்டால் வாங்குபவரிடம் பதில் இருக்காது. அனுமதி தரும் அலுவலகத்திலும் பெரும்பாலும் இருக்காது. மழைமானி ஒன்று இருந்தாலே அங்கே பெரிய விஷயம். ஓடையில் நீரளவு கருவி கிடையாது. பொறியாளர் எங்கிருந்தோ அவ்வப்போது வந்து போகிறவர்.

இந்த நிலைமை மாறும் வரை காத்திருக்க முடியாது. இருக்கிற ஆளையும் பணத்தையும் வைத்து என்ன செய்யலாம் என்பதையே இங்கே எழுதுகிறோம். எங்கள் கணிப்பில், இப்படிப்பட்ட ஊரின் வெள்ளப் பாதுகாப்பில் பெரும்பகுதி மனைப்பிரிவு வரைபடத்தில் கையெழுத்து விழும் அன்றே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு கட்டும் கரையும் சுவரும் அந்தக் கையெழுத்தின் விலையைத் தவணையில் கட்டுவதுதான்.

மழை குறைந்த ஊரில் வெள்ளம் ஏன்

லடாக்கின் லே நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மி.மீ. அளவில்தான். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டிப் பெய்த மழையில் பக்கப் பள்ளத்தாக்குகளிலிருந்து சேறும் பாறையும் இறங்கி, லேயிலும் சோக்லம்சரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவமனை, பேருந்து நிலையம், தொலைபேசி நிலையம் மூன்றுமே அடி வாங்கின. மீட்புக்கு எவை முதலில் தேவையோ அவையே சேற்றில் நின்றன. 2015 மார்ச்சில் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், உலகின் மிக வறண்ட நிலப்பரப்புகளில் ஒன்றில், கோபியாபோ, சன்யாரால் ஆகிய ஊர்களின் தெருக்கள் சேற்றால் நிரம்பின.

காரணம் எளிது. மழையைத் தடுத்து நிறுத்தச் செடிகொடி இல்லை. முதல் சில நிமிடத் துளிகளிலேயே மண்ணின் மேற்பரப்பு இறுகி அடைத்துக்கொள்கிறது. அதன்பின் விழும் நீர் பெரும்பாலும் சரிவில் ஓடுகிறது. மழை மேகமும் சில கிலோமீட்டர் அகலம்தான். மலைமேல் கொட்டும்போது ஊரின் மழைமானியில் ஒரு சொட்டு விழாமல் இருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிய வெள்ளத்தை மணல் படுகை வழியிலேயே குடித்துவிடுகிறது. ஐந்து முறை மலையில் மழை பெய்தால் நான்கு முறை தண்ணீர் ஊரை எட்டுவதே இல்லை. அதனால் ஊர்க்காரர்களின் நினைவில் ஓடை எப்போதும் காய்ந்தே இருக்கிறது. மணல் குடிக்க முடியாத அளவுக்கு வரும் ஐந்தாவது முறைதான் வீடுகளைத் தேடி வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டாட் ஆற்றின் காய்ந்த மணலில் அடிப்பாகம் இல்லாத படகுகளைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம் ஆண்டுதோறும் நடக்கிறது. 1993-இல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் படகுப் பந்தயத்தை ரத்து செய்தார்கள்!

'நூறாண்டு வெள்ளம்' என்ற பெயர் அலுவலகங்களில் செய்திருக்கும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. போன ஆண்டு வந்துவிட்டது, இனி நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்று நகரசபையிலேயே பேசுகிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சபையில் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள்.

வண்டல் விசிறி: மிகவும் ஏமாற்றும் நிலம்

மலை முடிந்து சமதரை தொடங்கும் இடத்தில், ஓடை கொண்டுவந்த கல்லும் மணலும் விசிறி விரித்தாற்போல் பரவிக் கிடக்கும். பாலைவன ஊர்கள் பலவும் இந்த விசிறிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மென்மையான சரிவு, நல்ல காட்சி, கீழே நிலத்தடி நீர். ஆபத்து என்னவென்றால், விசிறியில் ஓடை ஒரே தடத்தில் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளம் சுமந்துவரும் மண் தன் தடத்தையே மேடாக்கிவிடும். பிறகு தண்ணீர் பக்கத்தில் எங்கே தாழ்வோ அங்கே பாயும். வெள்ளம் நடந்துகொண்டிருக்கும்போதே தடம் மாறுவதும் உண்டு. ஆகவே இன்றைய தடத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி வீடு கட்டிவிட்டேன் என்பது ஆற்றங்கரை ஊரில் ஒருவேளை போதும். விசிறியின் உச்சிக்குக் கீழே அது போதாது.

விசிறியின் எந்தப் பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது, எது பல்லாயிரம் ஆண்டுகளாக வெள்ளம் காணாதது என்பதைக் கண்ணாலேயே பெருமளவு பிரிக்கலாம். வெள்ளம் காணாத பழைய பரப்பில் கற்கள் நெருக்கமாகப் பதிந்து தளம் போட்டது போலிருக்கும். கற்களின் மேல்முகத்தில் கரும்பழுப்புப் பூச்சு ஏறியிருக்கும். அரை மீட்டர் தோண்டினால் வெள்ளையாகச் சுண்ணாம்பு இறுகிய அடுக்கு வரும். அங்குள்ள சிறு ஓடைகள் அந்தப் பரப்பிலேயே பிறந்தவையாக இருக்கும், மலையிலிருந்து வந்தவையாக இருக்காது. உயிருள்ள பகுதியில் கற்கள் வெளிறிப் புதிதாக இருக்கும். மணலும் சரளையும் நீளவாக்கில் திட்டுத்திட்டாகக் கிடக்கும். கிளை பிரியும் தடங்கள், புதரின் மேல்பக்கம் சிக்கிய சருகு, பாதி புதைந்த அடிமரம் ஆகியவையும் தென்படும். ஒரு நல்ல மண்ணியல் மாணவரை இரண்டு நாள் அழைத்து வந்தால் இந்த எல்லையை வரைபடத்தில் போட்டுவிடுவார். வெள்ளம் பாயும் விதத்தைக் கணக்கிடும் விலையுயர்ந்த கணினி மாதிரியம் (model) எதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். எல்லை தெரியாமல் ஓட்டும் மாதிரியம், தவறான இடத்தில் துல்லியமான எண்களைத் தரும்.

மலையில்லாத இடத்தில் வேறொரு பொறி இருக்கிறது: வெளியேற வழியில்லாத பள்ளம். 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் ஓர் ஆண்டு மழைக்கும் மேலாகச் சில நாட்களில் கொட்டியது. கவாஸ் என்ற ஊரில் தேங்கிய தண்ணீர் நாட்கணக்கில் இறங்கவே இல்லை. மணலுக்கு அடியில் இருந்த ஜிப்சம் அடுக்கு நீரைக் கீழே விடவில்லை. மணல் நிலம் என்றால் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று எண்ணி மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பள்ளத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் குழி தோண்டி அடுக்குகளைப் பாருங்கள். குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று குறியுங்கள். முதல் நாள் அளவை நம்பக் கூடாது. காய்ந்த மண் முதலில் எப்போதும் வேகமாகவே குடிக்கும்.

வரைபடம் இல்லாத ஊரில் வரைபடம்

மாநில அளவு வெள்ள வரைபடத்தில் சிறுநகரம் இருக்காது, அல்லது பெரிய ஆறு மட்டும் இருக்கும். வீடுகளை அடித்துச் செல்வது பெயர் இல்லாத கிளை ஓடை. ஆகவே ஊரே வரைந்துகொள்ள வேண்டியதுதான். இணையத்தில் கிடைக்கும் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மழைக்கு மறுநாள் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அது பொன். ஈரம் படர்ந்த வழியும் புது வண்டலும் அதில் தெளிவாகத் தெரியும். படத்தில் மரம் வரிசையாகப் பச்சை காட்டினால் அதன் கீழே தண்ணீர் போகும் வழி உண்டு, தரையில் பள்ளமே தெரியாவிட்டாலும்.

பிறகு நடக்க வேண்டும். மலையடியிலிருந்து ஊரின் கீழெல்லை வரை ஒவ்வோர் ஓடையையும் நடந்தே பார்க்க வேண்டும், வண்டியில் அல்ல. முதியவர்களிடம் "பெரிய வெள்ளம் எப்போது வந்தது?" என்று கேட்டால் பதில் கதையாகப் போகும். "தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை நேரம் நின்றது, எந்தச் சுவர் விழுந்தது" என்று கேட்டால் அளக்கக்கூடிய விடை வரும். ஆடு மாடு மேய்ப்பவர்களைத் தவறவிடாதீர்கள். ஊருக்குள் வராத வெள்ளங்களையும் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

சுவரில் கறை, மரத்தில் சிக்கிய சருகு, கரையோரத்தில் ஒதுங்கிய குச்சிகள் ஆகியவை கிடைத்த இடத்தில் ஓட்டத்தைக் கணக்கிட முடியும். ஓடை ஓரளவு நேராக இருக்கும் 100 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, குறுக்கே நாடா பிடித்து அகலம், ஆழம் எடுங்கள். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலே சாய்வை அளக்கப் போதும். எடுத்துக்காட்டாக அகலம் 12 மீட்டர், சராசரி ஆழம் 1 மீட்டர், சாய்வு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர், படுகையின் கரடுமுரட்டைக் காட்டும் மேனிங் உராய்வு எண் சரளைப் படுகைக்கு 0.035. நீர் பாயும் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தால், அதாவது 12-ஐ 14-ஆல் வகுத்தால், 0.86. அதன் மூன்றில் இரண்டு அடுக்கு 0.90. சாய்வின் வர்க்கமூலம் 0.1. இரண்டையும் பெருக்கி 0.035-ஆல் வகுத்தால் வேகம் வினாடிக்கு 2.6 மீட்டர் வருகிறது. 12 சதுர மீட்டர் பரப்புக்கு ஓட்டம் சுமார் 31 கன மீட்டர். பாலைவன வெள்ளத்தில் மண்ணும் கல்லும் கலந்து வருவதால் இதன்மேல் கால் பங்கு முதல் பாதி வரை கூட்டுவது வழக்கம். கால் பங்கு கூட்டினால் 39. இது வந்த வெள்ளத்தின் அளவு, வரக்கூடிய பெரியதன் அளவல்ல. எனவே இதைக் கீழ் எல்லையாக மட்டும் வையுங்கள்.

தடயமே இல்லாத சிறு நீர்ப்பிடிப்புக்கு மழையிலிருந்து கணக்கிடலாம். ஹெக்டேர் பரப்பு, மணிக்கு மி.மீ. மழைவேகம், மழையில் மண்ணில் ஊறாமல் ஓடும் பங்கு மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் வினாடிக்குக் கன மீட்டர். 60 ஹெக்டேர், 100 மி.மீ., 0.6 என்றால் 10 கன மீட்டர். இதில் வழக்கமாக நடக்கும் தவறு மழைவேகத்தில். நாள் மழையை 24-ஆல் வகுத்துப் போடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பெய்த 40 மி.மீ. மழையில் 25 மி.மீ. முதல் கால் மணியிலேயே கொட்டியிருக்கலாம். அந்தக் கால் மணியின் வேகம் மணிக்கு 100 மி.மீ. சின்ன ஓடையை உடைப்பது அந்தக் கால் மணிதான். இந்தக் கணக்கை ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புக்கு நீட்டாதீர்கள்.

மூன்று நிறம், ஒரு பக்க விதி

சிறு ஊரில் நாற்பது பக்க விதித்தொகுப்பை யாரும் படிக்கப் போவதில்லை. வரைபடத்தில் மூன்று நிறமும் அதற்கு ஒரு பக்க விதியும் இருந்தால் எழுத்தரே அமல்படுத்தலாம்.

சிவப்பு: ஓடைத்தடம், உயிருள்ள விசிறியின் மேற்பகுதி, வெளியேற்றமில்லாத பள்ளத்தின் அடி. இதனுடன் கரை அரிப்புக்கான ஒதுக்கமும் சேரும். பாலைவன ஓடை வீட்டை மூழ்கடிப்பதை விடக் கரையைத் தின்று கவிழ்ப்பது அதிகம். தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்த வீடு அடித்தளம் கரைந்து விழுகிறது. இதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சிறு நீர்ப்பிடிப்புகளுக்கு ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். நூறாண்டு வெள்ளத்தின் ஓட்டத்தை வினாடிக்குக் கன அடியில் எடுத்து வர்க்கமூலம் காண வேண்டும். ஓடை நேராக இருந்தால் அத்தனை அடி, வளைவில் அதைப்போல் இரண்டரை மடங்கு. மேலே வந்த 39 கன மீட்டரையே நூறாண்டு ஓட்டமாகக் கொண்டால் சுமார் 1,380 கன அடி, வர்க்கமூலம் 37. நேரான கரையில் 37 அடி, அதாவது 11 மீட்டர். வளைவில் 93 அடி, அதாவது 28 மீட்டர். வளைவின் வெளிக்கரையில் மனை கேட்டு வருபவரிடம் காட்ட இந்த எண் மிகவும் உதவும்.

மஞ்சள்: தண்ணீர் மெல்லிய போர்வையாகப் பரவும் நிலம். அமெரிக்க வெள்ளக் காப்பீட்டு விதிகளில் இப்படி ஓரடி முதல் மூன்றடி வரை பரவும் பகுதிக்குத் தனி வகையே உண்டு. வீட்டை ஒட்டிய தரையின் ஆக உயர்ந்த புள்ளியிலிருந்து, வரைபடத்தில் குறித்த ஆழத்துக்குக் கீழ்த்தளம் உயர்ந்திருக்க வேண்டும். ஆழம் குறிக்கப்படவில்லை என்றால் குறைந்தது இரண்டடி. சரிவில் உள்ள வீட்டைச் சுற்றி நீர் விலகிப்போக வழியும் விட வேண்டும். மஞ்சளில் மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டுவதை மட்டும் போதுமென்று ஏற்காதீர்கள். விசிறியில் தண்ணீரின் வேகம் அந்த மேட்டை அரித்துவிடும், பக்கத்து வீட்டுக்கும் திருப்பிவிடும். மருத்துவமனை, பள்ளி, தீயணைப்பு நிலையம், மின்மாற்றி, குடிநீர் ஏற்று நிலையம் ஆகியவற்றுக்கு மஞ்சளிலும் இடம் கிடையாது. வெள்ளை என்பது மீதி.

சிவப்பு நிலத்தைச் சும்மா விட்டால் அது ஆக்கிரமிப்பாகிவிடும். அதற்கு ஒரு பயன் இருக்க வேண்டும், யாராவது தினமும் அதில் நிற்க வேண்டும். அல்ஜீரியாவின் மிசாப் பள்ளத்தாக்கில் பதினோராம் நூற்றாண்டு முதல் எழுந்த ஊர்கள் பாறைக் குன்றுகளின் மேல் இருக்கின்றன. பேரீச்சந்தோப்பு கீழே படுகையில். வெள்ளம் வந்தால் வாய்க்கால்கள் அதைத் தோப்புகளுக்குப் பங்கிட்டுவிடும். காலப்போக்கில் தோப்புக்குள்ளும் படுகையிலும் வீடுகள் இறங்கின. 2008 அக்டோபர் 1 அன்று கர்தாயாவில் வந்த வெள்ளத்தில் பெரும் சேதம் அங்கேதான். ஜெய்சல்மேர் பக்கத்துக் கடீன்களும் இதே அறிவுதான்: தாழ்ந்த நிலத்தின் கீழ்ப்புறம் நீண்ட மண்கரை போட்டு வெள்ளத்தைத் தேக்கி, வடிந்தபின் அந்த ஈரத்தில் விதைப்பார்கள். புதிய நகரத்திலும் முடியும். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் இந்தியன் பெண்ட் வாஷ் என்ற ஓடைக்குக் கான்கிரீட் வாய்க்கால் போடும் திட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டுச் சுமார் 18 கி.மீ. நீளத்துக்குப் பூங்காவும் விளையாட்டுத் திடலுமாக வைத்துக்கொண்டார்கள். வெள்ளம் வந்தால் புல் நனையும், அவ்வளவே. சிறுநகரம் அந்த அளவுக்குப் புல் வளர்த்துத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியதில்லை. மண் திடல், மேய்ச்சல், தோப்பு, வாரச்சந்தை போதும். வாகன நிறுத்தம் வேண்டாம். மிதக்கும் வண்டிதான் கீழே இருக்கும் பாலத்தை அடைக்கிறது.

சாலை: பாதி வெள்ளத்தை உண்டாக்குவது

விசிறியின் மேல் மனைப்பிரிவு போடும்போது சரிவு வாக்கில் நேராக இறங்கும் தெருக்கள் வெள்ளத்தில் ஆறாகிவிடும். அவற்றைத் தவிர்க்கவே முடியாது, தண்ணீர் எங்காவது இறங்கத்தான் வேண்டும். ஆகவே எந்தத் தெரு தண்ணீருக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதை நடுவில் தாழ்வாக வெட்டி, இருபுறமும் வீட்டு வாசல்களை உயர்த்தி, கீழ் முனையில் ஓடையிலோ திடலிலோ கொண்டு விடுங்கள். இறங்கும் தெரு இன்னொரு தெருவில் முட்டும் இடத்தில் எதிரே உள்ள மனையை விற்கவே கூடாது. முழு ஓட்டமும் அந்த வாசலுக்குள்தான் போகும். அந்த மனையைத் தண்ணீருக்கான வழியாக விட்டால் மனைப்பிரிவுக்காரருக்கு ஒரு மனை நஷ்டம், பின்னால் இருக்கும் வரிசைக்கு முழுப் பாதுகாப்பு.

ஓடையைச் சாலை கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலமா தரைப்பாலமா என்ற கேள்விக்கு, போக்குவரத்து குறைந்த சிறுநகரத்தில் எங்கள் விடை பெரும்பாலும் தரைப்பாலம். 600 மி.மீ. குழாய் நான்கு வரிசையாகப் போட்டால் காகிதத்தில் ஓட்டம் சரியாக வரும். முதல் வெள்ளத்தில் வரும் முள்மரமும் குப்பையும் நான்கையும் அடைத்துவிடும். சாலை அணையாகி, மேல்புறம் வீடுகள் மூழ்கி, பிறகு சாலை உடைந்து கீழ்ப்புறத்தையும் அடிக்கும். குழாய் போட்டே ஆக வேண்டுமென்றால் பல சிறியவற்றுக்குப் பதில் பெரியது ஒன்று, அதிலும் பெட்டி வடிவம். பாதி அடைந்ததாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தரைப்பாலத்திலும் தவறு நடக்கிறது. தளத்தின் மேல்மட்டம் படுகையின் மணல் மட்டத்தோடு ஒன்றாக இருக்க வேண்டும். அரை மீட்டர் தூக்கிக் கட்டினால் அது தடுப்பணை. மேல்புறம் மணல் சேரும், கீழ்ப்புறம் குடைந்து ஓரிரு வெள்ளத்தில் தளம் அந்தரத்தில் தொங்கும். தளம் 150 முதல் 200 மி.மீ. கான்கிரீட், கீழ்ப்புற ஓரத்தில் அரிப்பைத் தடுக்க ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கும் வெட்டுச் சுவர், அதற்கப்பால் பெருங்கல் அடுக்கு. நீளம் வெள்ளத்தின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும், ஓடையின் அடி அகலத்துக்கு மட்டுமல்ல. இருபுறமும் 20 செ.மீ. இடைவெளியில் கோடு போட்ட ஆழக் கம்பம் நடுங்கள். 15 செ.மீ. ஓடும் நீர் ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். தண்ணீர் வடிந்த பிறகும் தளத்தின் அடியைக் குத்திப் பார்க்காமல் திறக்க வேண்டாம். மேலே அப்படியே இருக்கும் தளத்தின் கீழே மண் போயிருக்கும்.

தரைப்பாலத்தை நம்பும் ஊருக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓடையைக் கடக்காமல் மருத்துவமனைக்குப் போகும் வழி ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாத குடியிருப்புக்கு அனுமதி தருவது ஆம்புலன்ஸுக்கு அனுமதி மறுப்பதாகும்.

ஓடையிலிருந்து கட்டுமானத்துக்கு மணல் அள்ளுவதையும் சாலைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். ஊருக்குக் கீழே தோண்டிய குழி வெள்ளத்தில் மேல்நோக்கி நகரும். படுகை படிப்படியாக இறங்கி, ஒரு கிலோமீட்டர் மேலே உள்ள பாலத்தின் அடித்தளத்தையும் குடிநீர்க் குழாயையும் வெளியே எடுத்துப் போட்டுவிடும். படுகையைக் கடக்கும் குழாயை அரிப்பு ஆழத்துக்குக் கீழே புதைத்து, இருபுறமும் அடைப்பு வால்வு வையுங்கள்.

சுவர், வீடு, தேக்கக் குழி

சுற்றுச்சுவர் ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றால் சிறு அணை. ஒரு மீட்டர் தேங்கியதும் சாய்ந்து, தேங்கியது மொத்தமும் ஒரே அலையாக அடுத்த வீட்டில் இறங்கும். மஞ்சள் பகுதியில் குறுக்குச் சுவருக்குப் பதில் கம்பி வேலி, அல்லது தரைமட்டத்தில் திறப்பு விட்ட சுவர். மண்சுவர் வீடுகளை ஆழத்தை விட ஊறும் நேரமே கொல்கிறது. அடியில் 30 செ.மீ. ஒரு நாள் நின்றால் மேலே உள்ள சுவர் சப்பென்று இறங்கும். கல்லும் சிமெண்டும் கொண்ட அடிச்சுவரை எதிர்பார்க்கும் நீர்மட்டத்துக்கு மேல் ஓரடியாவது எழுப்பிவிட்டு அதன்பின் மண்கல் வைப்பதுதான் வழி.

புது மனைப்பிரிவு தன் மழையைத் தானே தேக்கிக்கொள்ள வேண்டும் என்று விதி வைப்பது நல்லது. ஒரு ஹெக்டேருக்கு 55 மி.மீ. மழையில் 70 விழுக்காடு ஓடும் என்றால் 385 கன மீட்டர் குழி வேண்டும். அது 36 மணி நேரத்துக்குள் வடிய வேண்டும், இல்லாவிட்டால் கொசு. ஆனால் இந்தக் குழிகளின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்காதீர்கள். இவை மனைப்பிரிவின் சொந்த மழைக்கு மட்டும். மலையிலிருந்து வருவதை இவை தொடவும் முடியாது. ஐந்தாண்டில் பாதி மணலாகிவிடும். யார் தோண்டி எடுப்பது, செலவு யாருடையது என்று பத்திரத்திலேயே எழுதவில்லை என்றால் பத்தாம் ஆண்டில் அது குப்பைமேடு.

கரையும் திருப்பு வாய்க்காலும் கட்டும்போது முதல் கேள்வி, தண்ணீரை எங்கே கொண்டு விடப்போகிறோம் என்பது. ஊரின் கீழெல்லையில் சட்டென்று முடியும் வாய்க்காலுக்கு அடுத்து இருப்பது ஏழைகளின் குடியிருப்பாகவே இருக்கிறது. இரண்டாவது கேள்வி, யார் தூர்வாருவது. ஜோர்டானின் பெட்ராவில் நபட்டேயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மலைப்பிளவின் வாயிலில் அணை கட்டி, வெள்ளத்தைச் சுரங்கம் வெட்டித் திருப்பியிருந்தார்கள். காலப்போக்கில் அந்த ஏற்பாடு செயலிழந்தது. 1963 ஏப்ரலில் அந்தப் பிளவுக்குள் புகுந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். பிறகுதான் வாயிலில் அணையை மறுபடி எழுப்பினார்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்ட வீடுகள்

சிவப்பில் இருக்கும் எல்லோரையும் வெளியேற்றும் பணம் எந்தச் சிறுநகரத்திடமும் இல்லை. செய்யக்கூடியது, புது இணைப்பும் மாடி விரிவாக்கமும் தராமல் நிறுத்துவது, வெள்ளத்தில் பாதி மதிப்புக்கு மேல் சேதமான வீட்டைப் பழைய இடத்தில் பழையபடி கட்ட விடாமல் இருப்பது. அமெரிக்க விதிகளில் இந்த 50 விழுக்காடு எல்லை உண்டு. இரக்கமற்றதாகத் தோன்றும், அதனால் மாற்று மனையை வெள்ளை நிலத்தில் முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு தேடத் தொடங்கினால் மக்கள் அதற்குள் பழைய இடத்தில் தகரம் போட்டுவிடுவார்கள், சொல்வதற்கு நமக்கும் வாய் இருக்காது. ஊர் நிலத்தில் மேடானதை முதலில் அரசு அலுவலகத்துக்கு ஒதுக்கும் பழக்கத்தை இதற்காகவே விட வேண்டும்.

எச்சரிக்கைக்கு மலையடி ஊர்களில் கிடைப்பது பெரும்பாலும் அரை மணி, சில இடங்களில் அதுவும் இல்லை. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டலோப் பிளவுப் பள்ளத்தாக்கில் 11 பயணிகள் இறந்தபோது மழை பெய்தது பல கிலோமீட்டர் மேலே. எனவே மேலோடையில் வசிக்கும் இரண்டு மூன்று பேரிடம் தொலைபேசியும், யாரை அழைப்பது என்ற ஒரே எண்ணும், பொய் எச்சரிக்கையானாலும் திட்டு விழாது என்ற உறுதியும் கொடுங்கள். கீழே தரைப்பாலத்தின் தடுப்புக் கம்பியைப் பூட்டும் ஆள் அந்த ஓடைக்கு அக்கரையில் வசிக்கக் கூடாது. இருபுறமும் ஒவ்வொருவர் வேண்டும்.

வெள்ளம் வந்துபோன பின் முதல் இரண்டு நாள் விலைமதிப்பற்றது. வீட்டுக்காரர் சுவரைக் கழுவுவதற்குள், பொக்லைன் சேற்றை அள்ளுவதற்குள், இரண்டு பேர் பெயிண்டும் ஆணியும் எடுத்துக்கொண்டு நீர்க்கறை தெரியும் ஒவ்வொரு சுவரிலும் கோடு போட்டுத் தேதி எழுதட்டும். தரையிலிருந்து உயரமும் கைபேசியில் இடக்குறிப்பும் எடுக்கட்டும். முப்பது புள்ளி கிடைத்தால் போதும், முன்பு வரைந்த மூன்று நிறத்தின் எல்லைகளைத் திருத்திவிடலாம். திருத்திய வரைபடம் அடுத்த மனைப்பிரிவு விண்ணப்பத்துக்கு முன்னால் சபையின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பம் வந்த பிறகு திருத்தினால் அது வழக்காகும்.